எழுந்திருக்க ஒரு நாற்காலி

ஞாயிறு, காலை

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இங்கே நானும் நம் மகள் குட்டி வக்கீலும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். ஆனால் நேற்று போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்கேன்" என்று இழுத்தாயே, அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இடுப்பு வலி குறைந்ததா இல்லையா என்பதை ஒளிக்காமல் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என் தொழில் யோசனைகளைச் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். நீ சிரித்த பிறகு மீதியைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாலும் நான் இங்கே முழுதாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

பூனைகளுக்கு சோபா செய்து விற்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். "பூனைகிட்டக் கேட்டீங்களா?" என்று நீ கேட்டபோது கோபம் வந்தது உண்மை. பிறகு மாதிரிக்கு ஒன்று செய்து மாடிப்படியில் வைத்துப் பார்த்தேன். தெருப் பூனை வந்து மோந்து பார்த்துவிட்டு, ஃபோம் வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வீடு தேடிப் போய் சோபா கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். கழுவிய சோபா காய்கிற வரை அந்த வீட்டு ஜனம் நின்றுகொண்டே இருக்கிறது, என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருக்கிறது.

நம் ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. அங்கே உன் ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வருடக் கடைசிக்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் நான் உருப்படியான ஒரு தொழில் யோசனையோடு வந்தால் நீ கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வருவாய். இல்லையென்றால் போட்டுவிடுவாய். நான் எத்தனை தடவை துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாலும் நீ கேட்பது ஒரே கேள்வி: "இது இல்லாம யாரு கஷ்டப்படறாங்க? ஒரே ஒரு ஆளோட முகத்தைச் சொல்லுங்க." இதுவரை எனக்குப் பூனை முகம்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை முகம் கிடைத்துவிட்டது! சொன்னால் நம்ப மாட்டாய், நம் வீட்டுக்காரம்மாவின் முகம்தான். ஆமாம், மாடியில் நாம் கொஞ்சம் அழுத்தி நடந்தாலே கீழேயிருந்து விட்டத்தைக் கம்பால் தட்டுகிற அதே அம்மாள். அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. வரும் புதன்கிழமை வீட்டுக்கு வருகிறார். தனியாக இருக்கிறவர். உட்கார அவர் வீட்டில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் வெடித்தது. ஆபரேஷன் ஆன உடம்பு அதில் எப்படி உட்காரும்?

அதனால் எங்கள் சோபாப் பட்டறையில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு அவருக்காக ஒரு நாற்காலி செய்துகொண்டிருக்கிறேன். சாதாரண நாற்காலி என்று நினைக்காதே. என் கைக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் இதில் இறக்கியிருக்கிறேன். அடியில் எலாஸ்டிக் பட்டை, அதற்கு மேல் ஸ்பிரிங், அதற்கு மேல் இரண்டு வகை ஃபோம். உட்கார்ந்தால் ஆள் அப்படியே உள்ளே போவார். உயரம் குறைவாக, பின்பக்கம் சாய்வாக, கைப்பிடி இரண்டும் தலையணை மாதிரி உருண்டையாக. எங்கள் பட்டறையில் நல்ல சோபா என்றால் ஒரே ஒரு சோதனைதான். உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க மனசு வரக் கூடாது. நேற்று எங்கள் பட்டறைத் தையல்காரர் உட்கார்ந்து பார்த்தார். டீ வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை, அங்கேயே கொண்டுவரச் சொன்னார்!

இதையே தொழிலாகச் செய்யலாம் இல்லையா? ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களுக்கு மெத்து மெத்தென்று ஒரு நாற்காலி. குட்டி வக்கீலிடம் சொன்னேன். "அம்மா கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்கப்பா, அவங்கதான் நர்ஸு" என்கிறாள். செய்து முடித்து, அந்த அம்மாளை உட்கார வைத்து, போட்டோ எடுத்து அனுப்பி உன்னை அசத்தலாம் என்று இருக்கிறேன். நாற்காலி செய்ய எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

உன்னை அசத்தப் போகிற,
பட்டறைக்காரன்


சனி, மாலை

என் நர்ஸம்மாவுக்கு,

திட்டியது போதுமா, பாக்கி இருக்கிறதா? இருந்தால் கடிதத்தில் எழுதி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன். நீ போனில் கேட்டது பாதிக் கதைதான். மீதியையும் கேட்டுவிடு, எப்படியும் வக்கீல் உன்னிடம் போட்டுக்கொடுத்துவிடுவாள்.

வீட்டுக்காரம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். என் வாயெல்லாம் பல். மெதுவாக உட்கார்ந்தார், உள்ளே போனார், இன்னும் உள்ளே போனார். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் உசிரு வந்துச்சு" என்றார். நம் கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்தேன். அது உனக்கு வந்திருக்கும்.

போட்டோவுக்கு அப்புறம்தான் அவர் பாத்ரூம் போக வேண்டும் என்றார்.

கையை ஊன்றினார். என் தலையணைக் கைப்பிடி அமுங்கிக்கொண்டே போனது. காலை மடக்கி ஊன்ற முடியவில்லை, ஆபரேஷன் ஆன முழங்கால். முன்னால் சாய்ந்தால் ஃபோம் பின்னால் இழுக்கிறது. நான் ஒரு கையைப் பிடித்தேன், என்னோடு நாற்காலியைத் தூக்கி வந்த தையல்காரர் ஒரு கையைப் பிடித்தார், வக்கீல் முதுகைத் தள்ளினாள். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. "குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரியைக் கட்டிப் போட்டுட்டானே!" என்று தெருவுக்கே கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் வக்கீல் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

நீ வார்டில் இருந்துகொண்டே அதட்டினாயே, "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க! தோள்பட்டை போயிடும்!" என்று, அந்தக் குரலுக்கு வீட்டுக்காரம்மாகூட அடங்கிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பை நகர்த்தி விளிம்புக்கு வரச் சொன்னாய். ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டி, நல்ல காலைப் பின்னால் இழுக்கச் சொன்னாய். வாக்கரில் தொங்காமல் இருக்கையிலேயே கையை ஊன்றச் சொன்னாய். நீ சொன்னபடி செய்ததும் எழுந்துவிட்டார். அவர் நடந்து போன பிறகு நான் என் நாற்காலியைப் பார்த்தேன். இவ்வளவு அழகாகச் செய்த சாமானை இவ்வளவு வெறுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் நீ சொன்னது இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "உக்கார்றது யாருக்குங்க கஷ்டம்? தொப்புனு விழுந்தாக்கூட உக்காந்துடலாம். எழுந்திருக்கறதுதான் கஷ்டம். என் வார்டுல நாள் பூரா நான் பண்றது அதுதான்." உன் இடுப்பு வலி எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருடமாக நாற்காலி செய்கிறேன்! உட்காருவதைத் தவிர வேறு எதையும் யோசித்ததே இல்லை.

வியாழக்கிழமை வேலையில் மனசு ஓடவில்லை. பட்டறைக்கு முன்பக்கம் இருக்கிற எங்கள் கடைக்குப் போய், சோபா வாங்க வருகிறவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக அவர்கள் உட்காரும்போது முகத்தைப் பார்ப்போம், முகம் மலர்ந்தால் வியாபாரம் முடிந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கும்போது பார்த்தேன். நர்ஸம்மா, நீ பார்த்திருக்க வேண்டும்! ஒருவர் பக்கவாட்டில் உருண்டு எழுந்தார். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து எழுந்தார், அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மூன்று தடவை ஆடி வேகம் எடுத்து எழுந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நான் பார்த்தேன். நீ முகம் கேட்டாயே, ஒரே நாளில் கடை கொள்ளாத முகம்!

முதலாளியிடம் சொன்னேன். "எழுந்து போறதுக்காய்யா சோபா வாங்கறாங்க?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். உன் சிரிப்பையே தாங்கியவன் நான்.

அன்று இரவு எப்படி அளப்பது என்று நீ போனில் அனுப்பியதை வைத்து இரண்டாவது நாற்காலியை ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் போடுகிற செருப்போடு வீட்டுக்காரம்மாவை நிற்க வைத்து, முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்தேன். இருக்கையை அதைவிடக் கொஞ்சம் உயரமாக வைத்தேன். ஸ்பிரிங் கிடையாது, கெட்டியான ஃபோம் மட்டும். இருக்கையின் நீளத்தைக் குறைத்தேன். கைப்பிடி உருண்டை இல்லை, தட்டையான மரம், முன்விளிம்பு வரைக்கும் வருகிறது. கீழே முன்பக்கச் சட்டத்தை எடுத்துவிட்டேன், எழும்போது பாதம் பின்னால் போக இடம் வேண்டும் என்றாயே, அதற்காக. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. தையல்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு ஆள் எத்தனை நேரம் உட்காருவான் என்று கேட்டார். வேண்டும் என்கிற வரை உட்காருவான், போதும் என்றதும் எழுந்து போவான் என்றேன்.

இன்று மதியம் கீழே கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்காரம்மா கிட்டே வரவே மாட்டேன் என்றார். நீ செய்யச் சொன்னது என்று சொன்ன பிறகுதான் நம்பினார். உட்கார்ந்தார். கையை ஊன்றினார். எழுந்தார்! யாரும் தொடவில்லை. ஒரு நிமிடம் நின்று எங்களைப் பார்த்தார், திரும்பவும் உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். சின்னப் பிள்ளை மாதிரி உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாடிக் குழாய் ஒழுகுகிறது, அதை யார் பார்ப்பது என்று திட்ட ஆரம்பித்தார். கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு இப்போதே பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கடை போட வேண்டும் போல் கை துறுதுறுக்கிறது. நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அதட்டலுக்காகக் காத்திருக்கும்,
பட்டறைக்காரன்


ஞாயிறு, மதியம்

என் அன்பு நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன. பாராட்டு ஒரு வரி, எச்சரிக்கை ஒன்றரைப் பக்கம். நீ நீதான்.

ஆனால் நீ சொன்ன சோதனை இருக்கிறதே, அது எனக்கு ஆயுசுக்கும் தோன்றியிருக்காது. "நல்லா இருக்குன்னு வாயால சொல்றதை நம்பாதீங்க, அதெல்லாம் மரியாதைக்குச் சொல்றது. நாற்காலியைக் கொஞ்ச நாள் வீட்டுல விட்டுட்டு வாங்க. அப்புறம் திருப்பி எடுக்கப் போங்க. குடுத்துட்டாங்கன்னா இந்த யோசனையையும் பூனையோட சேத்துடுங்க" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

இன்னும் சில நாற்காலிகள் செய்தேன், விடுமுறை நாட்களில்தான், வேலையை விடவில்லை, பயப்படாதே. வீட்டுக்காரம்மாவே ஆள் பிடித்துக் கொடுத்தார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்து காட்டாமல் அவர் யாரையும் அனுப்புவதில்லை. பின்தெருவில் ஒரு லாரி டிரைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு உடைந்து தேறி வருகிறவர். அவர் வீட்டில் ஒன்று வைத்தேன். மருந்துக் கடைக்காரரின் அம்மாவுக்கு ஒன்று. வக்கீலின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மாளின் மாமனாருக்கு ஒன்று. ஒவ்வொருவரையும் செருப்போடு நிற்க வைத்து அளந்தேன். ஒருவர் அளவு இன்னொருவருக்குச் சரிவரவில்லை. கடையில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் இல்லை இது, வீட்டுக்குப் போய் ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டியது. பெரிய கம்பெனிக்காரன் இதற்கெல்லாம் வர மாட்டான். நாம் போகலாம்!

நேற்று திருப்பி எடுக்கப் போனேன். வக்கீலும் கூட வந்தாள், நான் பொய் சொல்லாமல் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு.

மருந்துக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். மறைக்காமல் சொல்கிறேன். அவர் அம்மாவுக்கு நாள் முழுக்கப் படுக்கைதான் வசதி, நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. வேன் ஓட்டுகிற அம்மாள் கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனார். வருகிறாரா என்று பார்த்தால், அவர் மாமனார் தானே நடந்து வந்து, "இப்பத்தான் மருமக கையைப் புடிக்காம எழுந்திருக்கேன், அதுவும் உனக்குப் பொறுக்கலையா?" என்று என்னைக் கேட்டார்.

டிரைவர் வீட்டில்தான் கூத்து. வண்டி கொண்டு வந்திருக்கிறேன், நாற்காலியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மனுஷன் அதில்தான் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுத்துக்கோ, என்னையும் சேத்து எடுத்துக்கோ" என்றார். அவர் எழுந்திருக்க வேண்டும் என்று செய்த நாற்காலியிலிருந்து, எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்! வக்கீல் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்ததும் நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இதுதான், இதுதான், இதுதான் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. உன்னிடம் கத்துகிறேன்: இதுதான்!

இதற்கு முன்னால் நான் சொன்ன யோசனைகளில் எல்லாம் என்ன குறை என்று இப்போது தெரிகிறது. அவை எல்லாவற்றையும் நான் தனியாகச் செய்து முடித்து, பிறகு உன்னைக் கூப்பிட்டுக் காட்டுவதாக இருந்தேன். இதில் அது நடக்காது. மரமும் ஃபோமும் என் கைக்குத் தெரியும். அந்த மரத்தில் கையை ஊன்றப் போகிறவரின் உடம்பு உனக்குத்தான் தெரியும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்று காலை ஒரு அம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நல்ல ஆகிருதி. காலையிலிருந்து ராத்திரி வரை அவரைத் தூக்குவதும் உட்கார வைப்பதும் இந்த அம்மாள் ஒருவர்தான். பேசும்போதே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நீயும் அங்கே அப்படித்தான் நிற்பாய் என்று நினைத்தேன்.

எந்தப் பக்கக் கைப்பிடி உயரமாக இருக்க வேண்டும், விழுந்த பக்கத்துக்கு என்ன தாங்கல் கொடுப்பது, சாய்ந்துவிடாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாகச் செய்து கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வீட்டுக்காரம்மா பட்ட பாடு நினைவுக்கு வந்தது. போனில் உன்னைக் கேட்கலாம், ஆனால் அவர் எப்படிச் சாய்கிறார், எந்தக் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை நீ நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்வாய்? அதனால், என் மனைவி நர்ஸ், அவள் வந்து பார்த்து அளவு சொன்ன பிறகுதான் செய்வேன் என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் மறுக்கவில்லை. "அவங்க எப்பங்க வருவாங்க?" என்று கேட்டார்.

வக்கீல் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. ஆனால் நர்ஸம்மா, என் வாயிலிருந்து "அடுத்த மாசம் வந்துடுவாங்க" என்று வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. "அதுவரைக்கும் நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன், அவங்களே வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அவர் போன பிறகு வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அறைக்குள் போய் உன் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த யோசனையில் உனக்கு ஓட்டை எதுவும் தெரிந்தால் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், அதில் நான் மாறவில்லை. ஆனால் தொழிலுக்காக மட்டும் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. தொழில் இல்லாமல் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். இத்தனை யோசனைகளும் அதற்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி யாரையும் தனியாகத் தூக்காதே, பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொள். எல்லா நலமும் உனக்கு வரட்டும், நீ எங்களிடம் வா. அந்த அம்மாள் அடுத்த மாதம் மறுபடியும் மாடி ஏறி வருவார். கதவை நீ திற.

உன் வரவைச் சொல்லிவிட்டு வழிபார்த்து நிற்கும்,
பட்டறைக்காரன்